ஓய்வுபெற்ற செனட்டரின் பெயரில் அரசுக் கட்டடம்: எப்போது தகும்?

கேள்வி: அமெரிக்காவில் ஓய்வுபெற்ற செனட்டர்கள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் பெயரை அவர்கள் உயிரோடிருக்கும்போதே அரசுக் கட்டடங்களுக்கு வைக்கிறார்கள். இதற்கு விதிமுறை ஏதும் உண்டா? யார் பெயரை வேண்டுமானாலும் வைத்துவிடலாமா? இது நல்ல வழக்கம்தானா?

விதிமுறை உண்டு. ஆனால் அது காங்கிரஸ், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம், தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி. வேண்டுமென்றால் அதுவே விலக்கிக்கொள்ளலாம், விலக்கியும் இருக்கிறது. நல்ல வழக்கமா என்று கேட்டால், இரண்டு நிபந்தனைகளோடு ஆம் என்பேன். பெயருக்கு உரியவர் பதவியை விட்டு முழுவதுமாக வெளியே வந்திருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உண்மையான ஒரு தொடர்பு இருக்க வேண்டும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை ஏறக்குறைய யாருமே பேசுவதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் உள்ள செனட் அலுவலகக் கட்டடத்துக்குப் பெயர் வைக்க செனட்டின் தீர்மானம் போதும். பிரதிநிதிகள் சபைக் கட்டடத்துக்கு அந்தச் சபையின் தீர்மானம் போதும். நாட்டின் மற்ற ஊர்களில் உள்ள கூட்டாட்சி அரசின் அலுவலகங்கள், நீதிமன்றங்கள், அஞ்சலகங்கள் ஆகியவற்றுக்கு வழக்கமாகச் சட்டமே இயற்றுகிறார்கள். இரு அவைகளும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட வேண்டும். அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் தலைவருக்கும் தன் பொறுப்பில் உள்ள கட்டடங்களுக்குப் பெயர் சூட்டச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் அரசியல்வாதிகளின் பெயர் என்று வந்தால் பெரும்பாலும் காங்கிரஸ்தான் முன்னால் நிற்கும்.

அந்த மசோதாக்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் இரண்டே பிரிவுகள். இன்ன தெருவில் இன்ன எண்ணில் உள்ள கட்டடம் இனி இன்னாருடைய பெயரால் அழைக்கப்படும் என்பது முதல் பிரிவு. சட்டம், வரைபடம், ஆவணம் எதில் பழைய பெயர் வந்தாலும் அது புதிய பெயரைக் குறிப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. பணம் ஒதுக்கும் வரி எதுவும் கிடையாது. பெயர்ப்பலகை ஒன்று, விழா ஒன்று, அவ்வளவுதான் செலவு. இந்த மலிவுதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். பாலம் கட்ட வேண்டுமென்றால் பல கோடி டாலருக்கு வாதாட வேண்டும். இருக்கும் கட்டடத்தில் ஒரு சகாவின் பெயரைப் பொறிக்க யாரும் யாரோடும் மோத வேண்டியதில்லை. அதனால் எதிர்த்து வாக்களிப்பவரும் அநேகமாக இருப்பதில்லை.

அஞ்சலகங்களில் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஈராண்டுக் காங்கிரஸ் காலங்களில் நிறைவேறிய சட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அஞ்சலகத்துக்குப் பெயர் வைக்கும் சட்டம். அங்கே ஒரு நல்ல மரபும் இருக்கிறது. எந்த மாநிலத்தில் அந்த அஞ்சலகம் இருக்கிறதோ, அந்த மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் அனைவரும், கட்சி பாராமல், மசோதாவில் இணைந்து கையெழுத்திட வேண்டும் என்று சபைக் குழு எதிர்பார்க்கிறது. போரில் இறந்த உள்ளூர்ப் படைவீரர்களின் பெயர்கள் இப்படித்தான் ஏராளமான சிற்றூர் அஞ்சலகங்களில் ஏறியிருக்கின்றன. இந்தச் சட்டங்களை நேர விரயம் என்று கண்டிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மகனை இழந்த ஒரு குடும்பத்துக்கு ஊர் செய்யக்கூடிய மரியாதைகளில் அது ஒன்று. தங்களுக்குத் தாங்களே அதே மரியாதையைச் செய்துகொள்ளும் உறுப்பினர்களைப் பற்றித்தான் கேள்வி எழுகிறது.

இனி வேலிகள். பிரதிநிதிகள் சபையின் விதிகளில் 2001இல் ஒரு பிரிவு சேர்ந்தது. பதவியில் இருக்கும் சபை உறுப்பினர் அல்லது செனட்டர் ஒருவரின் பெயரைப் பொதுக் கட்டுமானம் எதற்கும் சூட்டும் மசோதாவைச் சபை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அது. செனட்டில் பொதுக் கட்டடங்களைக் கவனிக்கும் சுற்றுச்சூழல், பொதுப்பணிக் குழுவின் விதி இன்னும் நுணுக்கமானது. உயிரோடிருப்பவர் பெயரையே வைக்கக் கூடாது என்று தொடங்கி, பிறகு விலக்குகளைச் சொல்கிறது: முன்னாள் அதிபர்கள், முன்னாள் துணை அதிபர்கள், 70 வயதைக் கடந்த முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்கள், 70 வயதைக் கடந்த முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள், முழு ஓய்வு பெற்றோ மூத்த நீதிபதி நிலைக்கு மாறியோ 75 வயதைக் கடந்துவிட்ட கூட்டாட்சி நீதிபதிகள். நீங்கள் கேட்ட ‘ஓய்வுபெற்ற சட்டமியற்றுநர்’ நுழையும் வாசல் இதுதான். பதவியில் இல்லை, வயது 70ஐத் தாண்டிவிட்டது என்றால் தடை நீங்குகிறது.

70 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்துவார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயதில் பதவி விலகிய ஒருவர் நாளை ஆளுநராகலாம், அமைச்சராகலாம், அரசோடு தொழில் நடத்தும் நிறுவனத்துக்காக வாதாடுபவராகலாம். அவரிடமிருந்து இனி பெற எதுவும் இல்லை என்ற நிலை வந்த பிறகு செய்யும் மரியாதைதான் ஐயத்துக்கு இடமில்லாதது.

இதையெல்லாம் விதியாக எழுதுவதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த நிதானம் பழக்கமாக இருந்தது. பிரதிநிதிகள் சபையின் முதல் அலுவலகக் கட்டடம் 1908இல் பயன்பாட்டுக்கு வந்தபோது சபாநாயகராக இருந்தவர் ஜோசப் கேனன். சபையைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தவர். அவர் நினைத்திருந்தால் அன்றே தன் பெயரைப் பொறித்திருக்கலாம். கட்டடம் வெறும் ‘சபை அலுவலகக் கட்டடம்’ என்றே இருந்தது. கேனன் 1923இல் ஓய்வு பெற்றார், 1926இல் இறந்தார். அவர் பெயர் அந்தக் கட்டடத்துக்கு வந்தது 1962இல். செனட்டின் பக்கமும் இதே கதைதான். 1909இல் திறந்த கட்டடத்துக்கும் 1958இல் திறந்த கட்டடத்துக்கும் 1972 வரை பெயர் கிடையாது. பழையது, புதியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் இறந்துபோனவர்களின் பெயர்களையே வைத்தார்கள்: ரிச்சர்ட் ரஸ்ஸல், எவரெட் டர்க்சன்.

உயிரோடிருந்தவருக்கு இந்த மரியாதையைச் செய்து செனட் தன் வழக்கத்தை மீறியது 1976இல். அந்த மீறலை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஏன் என்று சொல்ல ஃபிலிப் ஹார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்திலிருந்து 1959இல் செனட்டுக்கு வந்தவர் ஹார்ட். சத்தம் போடாதவர், தலைப்புச் செய்திகளைத் தேடாதவர். கறுப்பின மக்களின் வாக்குரிமையை உறுதிசெய்த 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தை செனட் அவையில் முன்னின்று நடத்திச் சென்றவர் அவர்தான். பெரு நிறுவனங்களின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்துவதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். பெரிய நிறுவனங்கள் இணைவதற்கு முன் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயரோடுதான் வழங்குகிறது. மிச்சிகன் ஏரிக்கரையின் மணல்மேடுகளைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக்க ஆண்டுக்கணக்கில் போராடி 1970இல் வென்றார். மூன்றாவது பதவிக்காலம் முடியும் தறுவாயில், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். பிறகு புற்றுநோய் என்று தெரிந்தது.

அப்போது செனட்டுக்கு மூன்றாவது அலுவலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1976 ஆகஸ்ட் 30ஆம் தேதி, அதற்கு ஹார்ட்டின் பெயரை வைக்க செனட் 85க்கு 0 என்று வாக்களித்தது. அவர் அரசியலில் எதிர்த்தவர்களும் அந்த 85இல் இருந்தார்கள். நான்கு மாதங்களில், டிசம்பர் 26ஆம் தேதி, பதவிக்காலம் முடிய ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இருக்கையில், 64 வயதில் அவர் இறந்தார். இன்றைய விதி நூலை வைத்துப் பார்த்தால் அவர் அன்று ஓய்வுபெற்றவர் அல்லர், 70 வயதும் ஆகவில்லை. ஆனால் விதி எதைக் காக்க எழுதப்பட்டதோ அது அங்கே முழுமையாகக் காக்கப்பட்டது. சாகும் நிலையில் இருந்த, போட்டியிலிருந்து விலகிவிட்ட ஒருவரிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்க முடியாது. கட்டடத்தின் நுழைவாயிலில் பொறித்த வாசகம், அவரை செனட்டின் மனச்சாட்சி என்கிறது. சகாக்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வது அரசியலில் அன்றாடம் நடப்பது. இந்தச் சொல் அந்த வகையில் சேராது. அவரோடு பணியாற்றியவர்கள் அவர் உயிரோடிருந்தபோதே அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தக் கட்டடம் அவருக்குப் பொருந்தியதா என்பது வேறு கேள்வி. கட்டுமானச் செலவு முதல் மதிப்பீட்டைப் பெரிதும் மிஞ்சி, முடிவில் 13 கோடியே 77 லட்சம் டாலரில் வந்து நின்றது. பளிங்கு முகப்பு, பல மாடி உயரத்துக்குத் திறந்த உள்முற்றம் என்று எழுந்த அதை ஆடம்பரம் என்று பத்திரிகைகள் தாக்கின. 1982இல் திறந்தபோது குடிபுகத் தயங்கிய செனட்டர்கள் பலர். நியூயார்க் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1981இல் ஒரு தீர்மானமே கொண்டுவந்தார். குளிர்காலத்தில் வேலை நடப்பதற்காகக் கட்டடத்தைப் பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தார்கள். உறையை எடுத்தபோது தெரிந்த கட்டடத்தின் சாரமின்மையை மிஞ்சுவது அதன் செலவு ஒன்றுதான், ஆகவே உறையைத் திரும்பப் போர்த்திவிடுங்கள் என்பது தீர்மானத்தின் சாரம். எளிமைக்குப் பெயர்போன ஒரு மனிதரின் பெயர், செலவுக்காகத் திட்டு வாங்கிய கட்டடத்தின் மேல் ஏறியதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஹார்ட்’ என்ற சொல் வராத வாரம் இல்லை. பெரும்பாலானோருக்கு அது விசாரணைகள் நடக்கும் ஓர் இடத்தின் முகவரி, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் உங்களை வாஷிங்டனிலிருந்து மிச்சிகனில் உள்ள பேட்டில் கிரீக் நகரத்துக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். அங்கேயும் ஹார்ட்டின் பெயரில் ஒரு கூட்டாட்சி அரசுக் கட்டடம் இருக்கிறது. பெயர் அவருடையது மட்டும் அன்று: ஹார்ட்–டோல்–இனோயே ஃபெடரல் சென்டர். மூன்று செனட்டர்களின் பெயர் ஒரே கட்டடத்தில். 2003 மே மாத இறுதியில் அந்தப் பெயர் முறைப்படி சூட்டப்பட்டது.

அந்தக் கட்டடத்தின் பூர்விகம் சுவையானது. கார்ன் ஃப்ளேக்ஸ் என்ற சோளச் செதில் உணவால் உலகறிந்த கெல்லாக் சகோதரர்களில் மூத்தவரான டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய ஆரோக்கிய விடுதி அது. 1902இல் எரிந்துபோய் மறு ஆண்டே எழுந்தது. 1928இல் உயரமான கோபுரம் ஒன்றும் சேர்ந்தது. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தம் விடுதியை முடக்கியது. 1942இல் ராணுவம் அதை வாங்கி, பெர்சி ஜோன்ஸ் என்ற ராணுவ மருத்துவரின் பெயரில் மருத்துவமனையாக்கியது. கை கால் இழந்தவர்களுக்கும் நரம்புக் காயம்பட்டவர்களுக்கும் அங்கே சிகிச்சை. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில், கிளைகளையும் சேர்த்து 11,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். ஊரே அவர்களுக்காக மாறியது. சக்கர நாற்காலி ஏறி இறங்கும்படி கடைத்தெரு நடைபாதைகளின் விளிம்புகளைச் சரிவாக வெட்டினார்கள்.

அந்தக் கட்டில்களில்தான் மூன்று பேரும் கிடந்தார்கள். ஹார்ட், நார்மண்டிப் படையிறக்கத்தின்போது யூட்டா கடற்கரையில் குண்டுச் சிதறலால் கையில் காயம்பட்டவர். கான்சாஸ் மாநிலத்தின் பாப் டோல், 1945 ஏப்ரலில் இத்தாலி மலைகளில் தோளும் முதுகும் சிதைந்தவர். வலது கை அவருக்குப் பிறகு ஒருபோதும் சரியாக இயங்கவில்லை. ஹவாயின் டேனியல் இனோயே, அதே மாதத்தில் அதே இத்தாலியில் வலது கையையே இழந்தவர். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைப் பகைவர்களாகப் பார்த்த காலத்தில், அவர்களைக் கொண்டே அமைத்த படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டவர்.

ஹார்ட்டின் காயம் மற்ற இருவருடையதைவிட லேசானது. அதனால் எழ முடியாத மற்றவர்களுக்காக ஓடியாடி உதவிகள் செய்துகொண்டிருந்தார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். டோலும் இனோயேயும் சீட்டாட்டத்தில் கூட்டாளிகள். இனிமேல் என்ன செய்யப் போகிறாய் என்று இனோயே ஒருமுறை கேட்க, சட்டம் படிப்பேன், மாவட்ட வழக்கறிஞராவேன், மாநில அவைக்குப் போவேன், பிறகு காங்கிரஸ் என்று டோல் தன் திட்டத்தை விவரித்தாராம். நல்ல திட்டமாக இருக்கிறதே என்று இனோயே அதையே எடுத்துக்கொண்டார். ஹவாய் மாநிலமானதும் 1959இல் அவரே முதலில் காங்கிரஸுக்குள் நுழைந்து, நான் வந்துவிட்டேன், நீ எங்கே என்று டோலுக்குச் செய்தி அனுப்பியதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். டோல் 1961இல் வந்து சேர்ந்தார். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்ற இருவர் ஜனநாயகக் கட்சி. மூவரும் செனட்டில் ஒன்றாக அமர்ந்தார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு இவர்களில் டோல்தான். 1996இல் அதிபர் தேர்தலில் போட்டியிட செனட்டை விட்டு விலகினார், தோற்றார், அதன்பின் எந்தத் தேர்தல் பதவிக்கும் வரவில்லை. 2003இல் அவருக்கு 79 வயது. எந்த விதியை வைத்து அளந்தாலும் தேறுகிறார். ஆனால் அந்தப் பெயரை நியாயப்படுத்துவது வயதும் ஓய்வும் அல்ல. உடலூனமுற்றோருக்குப் பொது இடங்களையும் வேலைவாய்ப்பையும் திறந்துவிட்ட 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றப் பாடுபட்ட முன்னணிச் செனட்டர்களில் அவர் ஒருவர். காயம்பட்ட நாளின் ஆண்டு நினைவன்று, 1969 ஏப்ரல் 14இல், செனட்டில் அவர் ஆற்றிய முதல் உரையே உடலூனமுற்றோரைப் பற்றியது. கையை மறுபடி அசைக்கக் கற்றுக்கொள்ள அவர் போராடிய இடங்களில் ஒன்று பேட்டில் கிரீக். அங்கே கிடந்த ஓர் இளைஞன் பிற்காலத்தில் நாட்டுக்கு என்ன செய்தான் என்பதை அந்தப் பெயர்ப்பலகை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறது.

மூவரில் இனோயே மட்டும் 2003இல் பதவியில் இருந்தார். என் முதல் நிபந்தனை அங்கே உடைகிறது, மறைக்க விரும்பவில்லை. கறாராகப் பார்த்தால் அவர் ஓய்வு பெறும்வரை காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஹவாய்க்காரர். மிச்சிகனில் அவருக்கு ஓட்டும் கிடையாது, தேர்தல் லாபமும் கிடையாது. தன் மாநிலத்துக்குத் தானே நிதி வாங்கிக் கொடுத்த கட்டடத்தில் தன் பெயரை ஏற்றிக்கொள்வதற்கும் இதற்கும் வெகுதூரம்.

அந்த மற்ற வகைக்குப் பேர்போனவர் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். 1959 முதல் 2010இல் இறக்கும்வரை செனட்டர். அரசுப் பணத்தை ஒதுக்கும் குழுவின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். சார்ல்ஸ்டன், பெக்லி ஆகிய இரண்டு நகரங்களின் கூட்டாட்சி நீதிமன்றங்களும், கிரீன் பேங்கின் பிரம்மாண்டமான வானொலித் தொலைநோக்கியும் அவர் பதவியில் இருந்தபோதே அவர் பெயரைத் தாங்கின. சாலைகள், பாலங்கள், மருத்துவ மையங்கள் என்று பட்டியல் நீளும். நிலக்கரியைப் பெரிதும் நம்பியிருந்த ஏழை மாநிலத்துக்கு அவர் உண்மையிலேயே நிறையக் கொண்டுவந்தார். மக்களின் நன்றியும் பொய்யில்லை. என் மறுப்பு இதுதான்: அந்தப் பணம் பேர்டின் பணம் அன்று, நாடு முழுவதும் கட்டிய வரி. கொடுத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பதை அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்கப் போகும் ஒருவர் அனுமதித்திருக்கக் கூடாது.

2007இல் இந்தக் கேள்வி பிரதிநிதிகள் சபையில் நேருக்கு நேர் வெடித்தது. நியூயார்க் உறுப்பினர் சார்லஸ் ரேங்கல், நியூயார்க் நகரக் கல்லூரியில் தன் பெயரில் அமையவிருந்த பொதுச் சேவை மையத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் ஒதுக்கக் கேட்டிருந்தார். கலிஃபோர்னியாவின் ஜான் கேம்பல் அதை நீக்கத் திருத்தம் கொண்டுவந்தார். நமக்கு நாமே நினைவுச் சின்னம் எழுப்பிக்கொள்வது சரியா என்று கேட்டார். திருத்தம் படுதோல்வி அடைந்தது. இரு கட்சியினரும் சேர்ந்தே தோற்கடித்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மையத்துக்கு நன்கொடை திரட்டிய விதமும் ரேங்கல் மீதான ஒழுக்க விசாரணையில் சேர்ந்தது. 2010 டிசம்பரில் சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கொரியப் போரில் வீரப் பதக்கம் பெற்றவர், ஹார்லம் மக்களுக்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் முன்வந்து அந்த மையத்தைத் தொடங்கியிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சபையின் 2001ஆம் ஆண்டு விதிக்குப் பிறகும் மீறல்கள் நிற்கவில்லை. 2022 டிசம்பரில், ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட வரவுசெலவுச் சட்டத்துக்குள் சான் ஃபிரான்சிஸ்கோவின் கூட்டாட்சி அரசுக் கட்டடத்துக்கு நான்சி பெலோசியின் பெயரை வைக்கும் வரிகளும் இருந்தன. அப்போது அவர் சபாநாயகர். முதல் பெண் சபாநாயகர் என்ற ஒரு காரணமே அவர் பெயரில் கட்டடம் இருக்கப் போதுமானது என்று நான் நம்புகிறேன். அதனாலேயே அவசரப்பட்டது பிடிக்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில், அந்தக் கட்டடத்தைச் சுற்றிக் குற்றங்கள் பெருகியதால் வீட்டிலிருந்தே பணிபுரியும்படி அங்கிருந்த ஒரு துறை தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியபோது, செய்தி முழுக்க அவர் பெயராகவே இருந்தது. அரசியலில் இருப்பவரின் பெயரைத் தாங்கும் கட்டடம் அவருக்கு விழும் அடிகளையும் சேர்த்தே வாங்கும்.

ஓய்வு பெற்றுவிட்டார் என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. நெடுங்காலம் சபாநாயகராக இருந்த டெனிஸ் ஹேஸ்டர்ட் 2007இல் ஓய்வு பெற்றார். அவர் படித்த வீட்டன் கல்லூரி (தனியார் கல்லூரிதான்) ஒரு மையத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2015இல் அவர்மீது குற்றப்பத்திரிகை வந்தது. பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களிடம் செய்த பாலியல் கொடுமையை மறைக்கப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. அவர் சிறை சென்றார். கல்லூரி பெயரை உடனே எடுத்துவிட்டது. தனியார் நிறுவனம் என்பதால் அது ஒரு நாள் வேலை. அரசுக் கட்டடமாக இருந்தால் மறுபடி சட்டம் இயற்ற வேண்டும். செனட் குழு 70 வயது என்று கோடு போட்டிருப்பதன் பொருள் இங்கே இன்னொரு விதமாகத் தெரிகிறது. நாள் ஆக ஆகத்தான் ஒரு வாழ்க்கையின் மறைவான பக்கங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன.

பொருத்தம் என்று நான் சொன்னதற்கு இன்னொரு சான்று, பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் போர்த்தச் சொன்ன அதே மொய்னிஹன். அரசுக் கட்டடங்களின் தரத்தில் அவருக்கு இருந்த அக்கறை பழையது. 1962இல், கென்னடி அரசில் இளம் அதிகாரியாக இருந்தபோது, கூட்டாட்சி அரசுக் கட்டடக் கலைக்கான வழிகாட்டு நெறிகளை எழுதியவரே அவர்தான். அரசுக் கட்டடம் அரசின் கண்ணியத்தைக் காட்ட வேண்டும், ஒரே பாணியைத் திணிக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. 2000இல், செனட்டை விட்டு விலகவிருந்த ஆண்டில், மான்ஹாட்டனின் புதிய கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அவர் பெயர் வந்தது. நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1960களில் இடித்துவிட்டார்கள். எதிரே இருந்த பிரம்மாண்டமான அஞ்சலகக் கட்டடத்தை ரயில் கூடமாக்கி அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று அவர் 1990களிலிருந்து விடாமல் வாதாடினார். 2003இல் இறந்துபோனார். 2021 ஜனவரி முதல் தேதி திறந்த அந்தக் கூடம் மொய்னிஹன் ரயில் கூடம். கட்டடத்தின் மற்ற பகுதிக்கு, அஞ்சல் துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஃபார்லியின் பெயர் அப்படியே இருக்கிறது. யாருடைய பெயரையும் அழிக்காமல், யாருக்கு எது உரியதோ அதை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே இறங்கும் பயணி இவர் யார் என்று கேட்டால், நிற்கும் இடத்தையே காட்டிப் பதில் சொல்லலாம்.

பொருத்தமும் பொறுமையும் இல்லாமல் வைத்த பெயரை நீக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு ரஸ்ஸல் கட்டடத்தைவிட நல்ல சான்று இல்லை. ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1933 முதல் 1971 வரை செனட்டர். பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு தரும் 1946ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமானவர், ராணுவ விவகாரங்களில் செல்வாக்கு மிக்கவர். அதே மனிதர்தான் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் ஒவ்வொரு சட்டத்தையும் தடுக்க தெற்கத்திய செனட்டர்களைத் திரட்டி நின்றார். 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து, வாக்கெடுப்பு நடக்கவிடாமல் பேசிக்கொண்டே போன நீண்ட தடைப் பேச்சுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் இறந்த மறு ஆண்டே, அவரைத் தலைவராகக் கொண்டாடிய சகாக்கள் இன்னும் அவையில் அமர்ந்திருந்தபோது, கட்டடத்துக்கு அவர் பெயர் ஏறியது. இன்று கான்ஸ்டிடியூஷன் அவென்யூ வழியாக நடந்தால் மூன்று கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன: அந்தச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்த ரஸ்ஸல், கட்சி கடந்து வாக்குகளைச் சேர்த்துத் தடையை உடைத்த டர்க்சன், மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தை நடத்திச் சென்ற ஹார்ட்.

2018 ஆகஸ்டில் குடியரசுக் கட்சிச் செனட்டர் ஜான் மெக்கெய்ன் இறந்ததும், ரஸ்ஸல் பெயரை எடுத்துவிட்டு மெக்கெய்ன் பெயரை வைக்கலாம் என்று செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர் முன்மொழிந்தார். மெக்கெய்னின் சொந்தக் கட்சியிலிருந்தே தயக்கம் வந்தது. பேச்சு அடங்கியது, பெயர் மாறவில்லை. ரஸ்ஸலின் பெயர் போக வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இறந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒருவரின் பெயரை அந்த இடத்தில் வைக்கப் பார்த்தது 1972இல் செய்த அதே அவசரம். பெயரை எடுத்துவிட்டு, கொஞ்ச காலம் அதைப் ‘பழைய செனட் அலுவலகக் கட்டடம்’ என்றே விட்டுவைக்கலாம். 1909 முதல் 1972 வரை அது பெயரில்லாமல்தான் இயங்கியது.